எழுபது வளைவும் ஒரு விளக்கும்

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் சாதாரணமாக மூன்று காரியங்களை உத்தேசித்துப் போவார்கள். அறப்பளீசுவரரைத் தரிசிப்பது, ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளில் இறங்கி ஆகாய கங்கையில் தலையைக் கொடுப்பது, திரும்பும்போது மிளகும் மலை வாழைப்பழமும் வாங்கி வருவது. சென்ற மார்கழியில் நானும் என் மனைவியும் நான்காவதாக ஒரு காரியத்துக்குப் போனோம். மோட்டார் சைக்கிளின் முன் விளக்கைச் சோதித்துப் பார்க்கப் போனோம்!

ஒரு விளக்குக்காக மலை ஏறுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். அந்த மலையில்தான் அந்த விளக்கினால் ஒரு பாவம் செய்திருந்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது மண் பாதைக்கும் கல் பாதைக்கும் ஏற்ற ஜாதி வண்டி. உயரமான உடம்பு, முரட்டு டயர், எருமை மாதிரி பொறுமை. ஐம்பது வயதில் இந்த வண்டி எதற்கு என்று கேட்காத உறவினர் பாக்கியில்லை. காரணம் இல்லாமல் இல்லை. செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் என் பால்ய சிநேகிதர் ஒருவர் காப்பியும் மிளகும் பயிர் செய்கிறார். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து அவர் வீட்டுக்கு 6 கிலோமீட்டர். மழைக்குப் பிறகு அதைப் பாதை என்று சொன்னால் மற்றப் பாதைகள் கோபித்துக்கொள்ளும்.

வண்டியோடு வந்த விளக்கு, எங்கும் காணும் ஹாலஜன் பல்பு. பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். சமவெளியில் அதன் மேல் எனக்குப் புகார் கிடையாது. சிநேகிதர் வீட்டு மண் பாதையில் மட்டும், யாரோ அகல் விளக்கை ஏந்திக்கொண்டு முன்னால் நடப்பது போல் இருக்கும். ஆகவே தபாலில் ஒரு எல்.இ.டி. பல்பு வரவழைத்தேன். பழைய பல்பைக் கழற்றி இதை மாட்டப் பத்தே நிமிஷம். அன்றிரவு தெருவில் எரிய விட்டபோது கோடி வீட்டுத் திண்ணை வரை பட்டப்பகலாகி விட்டது. தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து உட்கார்ந்தது. எனக்கு ஒரே பெருமை.

அந்தக் கார்த்திகையில் மலைக்குப் போய்விட்டு, இருட்டிய பிறகு இறங்கிக்கொண்டிருந்தோம். அடிவாரமான காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் நான் திரும்புகிறேன். எதிரே ஒரு பெரியவர், மொபெட்டில் கால்களுக்கு நடுவே அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு ஏறி வருகிறார். டிம்மில்தான் வந்தேன், சத்தியமாகச் சொல்லுகிறேன். ஆனாலும் அவர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார். மறு கணம் மொபெட் மலைப் பக்கத்து ஓடைக்குள் சாய்ந்தது.

ஓடிப் போனோம். வண்டியை நிறுத்தியும் அந்த வெளிச்சம் அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. 2017 ஏப்ரலிலிருந்து, எஞ்ஜின் ஓடும்போது முன் விளக்கு தானாகவே எரிய வேண்டும் என்பது புதிய இரு சக்கர வண்டிகளுக்கு விதி. அணைக்கத் தனி ஸ்விட்சு கிடையாது. எஞ்ஜினை நிறுத்தினேன். உடனே கும்மிருட்டு! என் மனைவி கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொள்ள, மூவருமாகக் குனிந்து அரிசியை அள்ளினோம். பெரியவருக்கு முழங்காலில் நல்ல சிராய்ப்பு. அவர் திட்டவில்லை.

"உங்களுக்கு ரோடு தெரியணும்னு எங்க கண்ணை அவிச்சுப்புட்டீங்களே, சாமி!" என்றார். அவ்வளவுதான்.

பணம் நீட்டினேன். சிந்திப்போன அரிசிக்கு என்று கணக்குச் சொல்லி அதை மட்டும் எடுத்துக்கொண்டார். முழங்காலுக்கு ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார். மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு அவர் போன பிறகு, ரோட்டின் மற்றப் பக்கத்துக்கு என் பார்வை போயிற்று. அங்கே குட்டையான ஒரு கைப்பிடிச் சுவர். அதற்கு அப்பால் ஒன்றுமே இல்லை. வீடு வந்து சேரும் வரை நாங்கள் இருவரும் பேசவில்லை.

மார்கழி பிறந்ததும் மறுபடியும் புறப்பட்டோம். இந்தத் தடவை நேரே மலைக்குப் போகாமல் நாமக்கல்லில் இறங்கினோம். 18 அடி உயர ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டு, லாரிப் பட்டறைகள் இருக்கும் பக்கம் வண்டியைத் திருப்பினேன். லாரிக்குப் பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர் இது. இராத்திரியில் மலை ஏறுவதைப் பற்றி லாரிக்காரனைவிட யாருக்குத் தெரியும்? லாரிக்கு விளக்குப் போடுகிறவரிடம் என் விளக்கைக் காட்டுவது என்று தீர்மானித்திருந்தேன்.

எலெக்ட்ரீஷியனுக்கு நாற்பது வயதிருக்கும். என் கதையைக் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியைப் பட்டறைச் சுவருக்கு எதிரே நிறுத்தினார். எல்.இ.டி. பல்பை எரியவிட்டார். சுவர், கூரை, பக்கத்துப் புளியமரம் எல்லாம் ஒரே வெள்ளை. பிறகு அதைக் கழற்றிவிட்டுப் பழைய ஹாலஜனை மாட்டினார். இப்போது சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் வெளிச்சம், மேலே இருட்டு. நடுவில் கத்தியால் கீறினாற்போல் ஒரு கோடு.

"இந்தக் கோடுதானுங்க டிம்மு. அதுக்கு மேல எதிராளியோட கண்ணு. நீங்க போட்ட பல்புல கோடே இல்லீங்க" என்றார்.

விஷயம் இதுதான். விளக்கின் டூமில் உள்ள பளபளப்பான கிண்ணம், அந்த ஹாலஜன் பல்பின் கம்பிச் சுருள் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. டிம் சுருளுக்கு அடியில் ஒரு சின்னத் தகரத் தொப்பி உண்டு. அது ஒரு பக்க வெளிச்சத்தை மறைப்பதால்தான் சுவரில் கோடு விழுகிறது. எல்.இ.டி. பல்பிலோ வெளிச்சம் இரண்டு பக்கத் தகடுகளிலிருந்து புறப்படுகிறது. கொஞ்சம் இடம் பிசகினாலும் கிண்ணத்துக்குக் கணக்குத் தெரியாது; கண்டபடி வாரி இறைத்துவிடும். எல்.இ.டி.யின் மேல் குற்றமில்லை. அதற்கென்றே கிண்ணமும் கண்ணாடியும் அமைத்த முழு விளக்குகள் நேர்த்தியாக எரிகின்றன. ஒன்றின் பல்பை இன்னொன்றின் டூமில் சொருகியது என் அசட்டுத்தனம்.

"அப்படியானால் 100 வாட் ஹாலஜன் போடலாமா?" என்று கேட்டேன். ஒரு தப்பிலிருந்து அடுத்த தப்புக்குத் தாவுவது என் சுபாவம்.

"போடலாமுங்க. ஹோல்டர் உருகும், கிண்ணத்து முலாம் உரியும். அவ்வளவு கரண்டுக்கு வண்டியில வழியுமில்லீங்க" என்று சொல்லி, மீட்டரை எடுத்து வந்து வைத்தார். எஞ்ஜின் ஓடும்போது பாட்டரியில் 13.8 வோல்ட். அதே சமயம் பல்பு ஹோல்டரில் 12.3! பாக்கி ஒன்றரை வோல்ட் எங்கே? மெல்லிய ஒயரிலும், பழைய ஸ்விட்சிலும், துருப்பிடித்த முனைகளிலும் கரைந்து போயிருந்தது. ஒன்றரை வோல்ட்தானே என்று எண்ணிவிட வேண்டாம். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். என் விளக்கு மங்கல் அல்ல. மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே களவு போயிருந்தது.

இதற்கு மருந்து இரண்டு ரிலே. ரிலே என்பவன் ஒரு வாயிற்காப்போன். ஸ்விட்சிலிருந்து வரும் சின்னக் கட்டளையைக் கேட்டு, பாட்டரியிலிருந்து வரும் பெரிய மின்சாரத்துக்குக் கதவைத் திறந்துவிடுவான். பாட்டரியிலிருந்து தடித்த ஒயர், அதன் வாயிலேயே ஒரு பியூஸ், பிறகு ரிலே, பிறகு பல்பு. ஒரு மணி நேர வேலை. அதே பழைய 60 வாட் பல்பு மறுபடி எரிந்தபோது, "இதையா கழற்றி எறிந்தீர்கள்?" என்றாள் என் மனைவி.

மூடுபனிக்கும் மண் பாதைக்கும் தனியே இரண்டு சின்ன மஞ்சள் விளக்குகள் வாங்கிக்கொண்டேன். கடையில் தூர வெளிச்சம் பாய்ச்சுகிற வகையும் இருந்தது. நேர் ரோட்டுக்கு அது சரி. கொண்டை ஊசி வளைவில் எதிர் மலையைத்தான் காட்டும். ஆகவே அகலமாகவும் தாழ்வாகவும் பரப்புகிற வகையாக எடுத்தேன். எலெக்ட்ரீஷியன் அவற்றை லெக் கார்டின் கீழ்ப்பகுதியில் பொருத்தினார். கல் பாதையின் குலுக்கலுக்கு ரப்பர் புஷ், திருகு கழலாமலிருக்கச் செக் நட். ஒயரைக் கட்டுமுன் ஹாண்டில்பாரை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிப் பார்த்து, கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்த்தி விட்டார். அங்கே இறுக்கிக் கட்டினால் நூறு வளைவுக்குள் ஒயர் அறுந்து போகுமாம். தனி ஸ்விட்சு என் இடது கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில் வைத்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. அதை நினைத்துக்கொண்டு, அளவோடு எது முடியுமோ அதோடு நிறுத்திக்கொண்டோம்.

கடைசியில்தான் வேடிக்கை. விளக்கின் கோணம் வைக்க வேண்டும். வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினார். விளக்கின் நடு உயரத்தை அளந்து, சுவரில் அதே உயரத்தில் சாக்குக் கட்டியால் கோடு போட்டார். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 10 சென்டிமீட்டருக்குக் குறையாமல் கீழே விழ வேண்டும் என்பது கணக்கு. திருப்புளியைக் கையில் எடுத்தவர், "அம்மாவும் உட்காரணுமுங்க, பையும் வேணும்" என்றார்.

பின் ஸீட்டில் ஆளும் மூட்டையும் ஏறினால் வண்டியின் பின்புறம் அமுங்கும், மூக்கு நிமிரும், விளக்கு வானத்தைப் பார்க்கும். என் மனைவி பையுடன் ஏறி உட்கார்ந்ததும், சுவரில் வெளிச்சம் ஒரு சாணுக்கு மேல் உயர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குப் பெரியவரின் கண்ணில் குத்தியதற்குப் பல்பு மட்டும் காரணமல்ல என்று அப்போது புரிந்தது.

"என்னையும் ஒரு பொருட்டாக எண்ணிய முதல் மெக்கானிக் இவர்தான்" என்றாள் அவள், இறங்காமலே.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஏறத் தொடங்கினோம். கொண்டை ஊசி வளைவில் முன் விளக்கு ஒரு விந்தையான பிராணி. நாம் போக வேண்டிய ரோடு தோளுக்குப் பின்னால் இருக்கும். விளக்கோ எதிரேயுள்ள பள்ளத்தாக்கை ரசித்துக்கொண்டிருக்கும். வண்டி சாயும்போது வெளிச்சமும் சாயும். எத்தனை பிரகாசமாயிருந்தாலும் இதற்குப் பரிகாரமில்லை. தாழ இருந்த மஞ்சள் விளக்குகள் இங்கேதான் கை கொடுத்தன. பக்கவாட்டில் பரவி, வளைவின் உட்புற விளிம்பையும் கைப்பிடிச் சுவரின் காலையும் காட்டின.

ஐம்பதாவது வளைவைத் தாண்டியதும் மூடுபனி வந்து சூழ்ந்தது. பரீட்சைக்காகப் பிரைட் போட்டேன். பத்தடியில் ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நின்றது! டிம்முக்கு இறக்கினேன், சுவர் கலைந்தது. மஞ்சளை மட்டும் நம்பியபோது ரோட்டின் வெள்ளைக் கோடு தெரிந்தது. மஞ்சள் நிறம் பனியைத் துளைக்கும் என்று லாரிக்காரர்கள் பரம்பரையாகச் சொல்வார்கள். பௌதிகம் அதை ஒப்புக்கொள்ளாது. பனித் துளிகள் ஒளி அலையைவிட மிகப் பெரியவையாதலால், எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். விளக்கு தாழ இருப்பதும், வெளிச்சம் மேலே போகாமலிருப்பதுமே ரகசியம். இருந்தாலும் நீலம் கலந்த வெள்ளையைக் காட்டிலும் இந்த மஞ்சள் கண்ணுக்கு இதமாயிருக்கிறது. லாரிக்காரர்களோடு சண்டை போட நான் தயாரில்லை.

சோளக்காட்டில் தேநீர். கையைக் கதகதப்பாக்கிக்கொண்டு செம்மேட்டைக் கடந்து மண் பாதையில் இறங்கினோம். தாழ்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் நீளமாக நிழல் விழுந்தது. பள்ளங்கள் ஒவ்வொன்றும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. சில குழிகள் கிணறு மாதிரி பயமுறுத்தின. கிட்டப் போனால் கணுக்கால் ஆழம். பயமுறுத்தாமல் விழுத்தாட்டுவதைவிட அது மேல். எதிரே டார்ச்சுடன் நடந்து வந்த இரண்டு பேரைக் கண்டதும் மஞ்சளை அணைத்து, டிம்மில் ஓரமாக நின்றேன். சிநேகிதர் வீட்டில் மிளகு ரசமும் சாமைச் சோறும் காத்திருந்தன.

மறு நாள் சாயங்காலம் வேண்டுமென்றே தாமதித்துப் புறப்பட்டு, இருட்டில் இறங்கினோம். சோளக்காட்டுத் தேநீர்க் கடையில் என் மனைவி அந்தப் பெரியவரைப் பற்றி விசாரித்தாள். அரிசி மூட்டையோடு மொபெட்டில் ஏறுகிற பெரியவர்கள் இந்த மலையில் எத்தனையோ பேர் என்று கடைக்காரர் சிரித்தார்.

நாற்பதுக்குப் பக்கத்தில் அந்த வளைவு வந்தது. கீழேயிருந்து ஒரு மொபெட்டின் முக்கல் கேட்டது. மஞ்சளை அணைத்தேன், டிம்முக்கு இறக்கி, வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன். கால்களுக்கு நடுவே ஏதோ மூட்டை, தலையில் துண்டு. கையைத் தூக்காமல், வேகம் குறைக்காமல், எங்களைக் கடந்து மேலே போய்விட்டது அந்த மொபெட்.

"என்னங்க, அவர்தானா?" என்றாள் பின்னாலிருந்து.

"தெரியவில்லை. முகத்தில் வெளிச்சம் படவில்லையே!" என்றேன்.