மறைப்பும் மறைபொருளும்

உத்திரமேரூருக்கு வரும் வெளியூர் அன்பர்களை வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகளைக் காண அழைத்துச் செல்வது நம் வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகள் அவை. பல்லாண்டுகளுக்கு முன் அவ்வாறு வந்தவர், சென்னையில் பணியாற்றிய நம் நண்பர், தொழுகை தவறாதவர். திரும்பும் வழியில், தாம் பிரீமேசன் சங்கத்து உறுப்பினர் என்று சொல்லி நம்மையும் அழைத்தார்.

"அங்கே என்ன நடக்கும்?" என்றோம்.

"சொல்வதற்கில்லை. வாருங்கள், தானே விளங்கும்" என்றார்.

நாம் போகவில்லை. அன்றுமுதல் அவரை ஐயக்கண் கொண்டே பார்த்து வந்தோம்.

பின்னாளில் அச்சங்கத்தின் வரலாற்றைப் படித்தோம். கல்தச்சரின் மூலைமட்டத்தையும் கவராயத்தையும் ஒழுக்கத்தின் அடையாளங்களாகக் கொண்டு, 1717-இல் இலண்டனில் தலைமை மன்றம் அமைத்தவர்கள் அவர்கள். ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் கைக்குறியும் சொற்குறியுமே அவர்கள் காத்த இரகசியங்களுள் முக்கியமானவை. விந்தை யாதெனில், சாமுவேல் பிரிச்சார்டு என்பவர் 1730-லேயே அவர்தம் சடங்குகளை அச்சிட்டு வெளியிட்டுவிட்டார். சங்கம் கலைந்துவிடவில்லை. சடங்கைப் படித்தறிவது வேறு, அதன் வழியே ஒருவன் தன்னுள் கண்டுகொள்வது வேறு என்பது அவர்கள் விடை.

இவ்விடை நமக்குப் புதிதன்று. குணங்குடி மஸ்தான் சாகிபு, தக்கலை பீர்முகம்மது அப்பா ஆகியோரின் ஞானப் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நோன்பு திறக்கும் வேளையில் தொண்டையில் இறங்கும் முதல் மிடறு தண்ணீரை, நோன்பே நோற்காதவருக்கு எவ்வாறு விளக்குவது? ஒளித்து வைக்காமலே இரகசியமாய் இருப்பவையும் உண்டு.

சொல்லக்கூடியதை ஒளிப்பதோ வேறு. இந்தியருள் முதன்முதல் பிரீமேசன் ஆனவர் எனக் கருதப்படுபவர் ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் உம்தத்துல் உமரா. 1775-ஆம் ஆண்டளவில் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தார். செங்கற்பட்டுச் சீமையை 1763-இல் ஆங்கிலக் கம்பெனிக்கு ஜாகீராக விட்ட முகம்மது அலி வாலாஜாவே அவர் தந்தை. 1795-இல் உம்தத்துல் உமரா நவாபானார். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும், திப்பு சுல்தானுடன் இரகசியக் கடிதத் தொடர்பு வைத்திருந்ததாகக் கம்பெனியார் அவர்மீது பழி சுமத்தினர். 1801-இல் அவர் மறைந்ததும் நாடு அவர்கள் கைக்குப் போயிற்று. சங்கத்துச் சகோதரத்துவம் அவர் குடும்பத்தின் ஆட்சியைக் காக்கவில்லை.

1978-இல் மக்காவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு சபை, முஸ்லிம்கள் இச்சங்கத்தில் சேர்வது ஆகாது எனத் தீர்ப்பளித்தது. நண்பரிடம் அதைச் சொன்னோம். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பின்னர் அங்கே போனாரா, விட்டாரா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் மௌத்தான அன்று, முன்பின் அறியாத சிலர் வந்து நின்று கண்ணீர் விட்டனர். தங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஆண்டுக்கணக்காய் ஏற்றவர் அவரே என்றனர். அவர் துணைவியாருக்கும் அது புதுச்செய்தி. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதவாறு ஈயுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் எத்தனையோ முறை பிறருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறோம். ஐயத்தையும் பிறரைத் துருவுவதையும் விலக்கும் ஹுஜுராத் அத்தியாயத்தையும் ஓதியிருக்கிறோம். நண்பர் ஒருவரிடத்தில் இரண்டையுமே மறந்துபோனோம்.

நம் ஊர்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது: குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஏதுமறியாச் சிறுவனாய் இருக்க வேண்டும், வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் இடப்படலாகாது. ஊர்ப்பொருளைத் தொடும் கை அவ்வாறு விரிந்தே இருக்க வேண்டும். நம் ஜமாஅத்துகளுக்கும் அது பொருந்தும். ஒருவர் தம் இறைவனோடு வைத்திருக்கும் கணக்கையோ நாம் விரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

நண்பர் அழைத்த இடத்துக்குப் போகாததில் நமக்கு வருத்தமில்லை. அவரை அத்தனை ஆண்டுகள் ஐயுற்றதே வருத்தம். வல்ல நாயன் அவரைப் பொருந்திக்கொள்வானாக, நம்மையும் பொறுத்தருள்வானாக.