ரெண்டு வெள்ளை உப்பும் ஏமாந்த புல்லும்

கொஞ்சம் வேதியியல் வரும் பதிவு இது. பாதியில ஓடிராதீங்க மக்களே :-)

சிவகாசிக்காரனுக்கு வெடியுப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி மூணும் சேர்ந்தா கருமருந்து. வெடியுப்புங்கிறது பொட்டாசியம் நைட்ரேட். அதே சரக்கு உரக்கடையில 13:0:45ன்னு மூட்டையில இருக்கும், சொட்டுநீர்ல கரைச்சு விடுவாங்க. பயிருக்குச் சோறு அது. இன்னொரு வெள்ளை உப்பு, தீக்குச்சி மருந்துல போடுற பொட்டாசியம் குளோரேட். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். வேடிக்கை என்னன்னா, செடிக்கும் அப்படித்தான் தெரியுது. அந்தக் குழப்பத்துலயே செத்தும் போகுது.

செடி மண்ணிலிருந்து நைட்ரேட்டை உறிஞ்சுகிறது. அதுல ஒரு நைட்ரஜன், மூணு ஆக்சிஜன். நைட்ரேட் ரிடக்டேஸ்னு ஒரு நொதி ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கி நைட்ரைட்டா ஆக்கும். அடுத்த நொதி அதை அம்மோனியமா மாத்தும். அதிலிருந்து அமினோ அமிலங்கள், அதுகளைக் கோத்தா புரதம். குளோரேட்லயும் மூணு ஆக்சிஜன்தான், நைட்ரஜன் இருக்க வேண்டிய இடத்துல குளோரின். வேர் ஆள் தெரியாம உள்ளே விட்டுரும். நொதியும் வழக்கம்போல ஒரு ஆக்சிஜனைப் பிடுங்கும். கிடைக்கிறது குளோரைட். அது செல்லுக்குள்ள எதிர்ப்படுறதையெல்லாம் ஆக்சிஜனேற்றம் பண்ணி நாசமாக்கும். சமைக்க வச்ச ஆளே விஷம் காய்ச்சி ஊத்தின கதை!

சும்மா சொல்லலை. அந்த நொதி வேலை செய்யாத செடிக்கு குளோரேட் ஊத்தினா பிழைச்சுக்குது. 1973-ல் நெதர்லாந்தில் அரபிடாப்சிஸ் என்ற கடுகு இனச் செடியில் இப்படித் தப்பிப் பிழைச்சதுகளைத் தேடிப் பிடிச்சாங்க. நைட்ரேட்டை வேருக்குள்ள விடுற கதவுக்கான மரபணு 1993-ல் மாட்டியதும் இந்தத் தப்பிப் பிழைச்ச செடிகள் வழியாத்தான்.

சோடியம் குளோரேட்டை வெளிநாடுகள்ல ரொம்ப காலம் களைக்கொல்லியா தெளிச்சிருக்காங்க. 1931-ல் நியூசிலாந்தில் ஒரு விவசாயி களைக்கு அடிச்சிட்டு வந்து கால்சட்டையை நெருப்பு முன்னாடி காயப்போட்டார். டமால்! இதை ஆராய்ந்து கட்டுரை எழுதிய ஜேம்ஸ் வாட்சனுக்கு 2005-ல் இக் நோபல் பரிசு கொடுத்தாங்க. நம்ம ஊர்க்காரனுக்கு இதுல பாதிச் சிரிப்புதான் வரும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தா உரசினாலே பத்திக்கும், பட்டாசுல அந்தக் கலவையே கூடாதுன்னு 1992-ல் மத்திய அரசு தடை போட்டது. தீக்குச்சிக்கு விலக்கு உண்டு.

சரி, இப்போ கடையில கிடைக்கிற கிளைபோசேட்டுக்கு வருவோம். அதுவும் ஏறக்குறைய இதே தில்லாலங்கடிதான். ஃபினைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபன்னு மூணு அமினோ அமிலம். இதுகளைச் செய்யுற பாதையில ஒரு நொதி. வேற ஒரு மூலப்பொருள் வந்து உக்கார வேண்டிய இடத்துல கிளைபோசேட் துண்டு போட்டுருது. 1980-ல் ஜெர்மனியில் ஸ்டைன்ரூக்கன், ஆம்ரைன் என்ற ரெண்டு பேர் இதைக் கண்டுபிடிச்சாங்க. மூணு பூ இல்லாம மாலை கட்ட முடியாது, புரதம் கட்டுறது நிக்குது. கையிருப்பு தீர்ற வரைக்கும் செடி பச்சையா நிக்கும். மருந்தடிச்ச புல்லு ஒரு வாரம் கழிச்சு மஞ்சளாகிறது அதனாலதான்.

மனுச உடம்பில் அந்தப் பாதையே கிடையாது, அந்த மூணும் சாப்பாட்டுல வந்துரும். "அதனால நமக்கு ஒண்ணும் பண்ணாது"ன்னு மருந்துக்கடையில சொல்லுவாங்க. பாதி உண்மை. நம்ம குடல்ல வாழுற பாக்டீரியா பலதுக்கு அந்தப் பாதை உண்டே? 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை பட்டியலில் இதைச் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லுது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டு இயக்குநர்கள் மட்டும்தான் இதைத் தெளிக்கலாம்னு ஆணை போட்டது.

சாத்தூர் பக்கம் எங்க சித்தப்பா காட்டுக்கு அந்த இயக்குநர் யாரு? சித்தப்பாவேதான். மூணு ஏக்கர் கரிசல், மானாவாரி மக்காச்சோளம். வரப்புக்கு கிளைபோசேட். பயிருக்குள்ள அட்ரசின், அது புரதத்தை விட்டுட்டு ஒளிச்சேர்க்கையைப் பிடிக்கிற மருந்து. ஐப்பசி மழைக்குச் சோளம் ஒரு சாண் வளர்ந்தா களை ரெண்டு சாண் வளரும்.

"களைக்கு ஆள் கேட்டா யாருப்பா வர்றா? காலையில வேன் வந்து நின்னா ஊரே பயராபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போயிருது" என்பார்.

போறவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. மானாவாரிக் களையெடுப்பு வருசத்துல எத்தனை நாளைக்கு? பயராபீஸ்ல வாராவாரம் சம்பளம். உயிர்ப் பயம் தெரிஞ்சேதான் வேன் ஏறுறாங்க. நைட்ரேட்டையும் குளோரேட்டையும் அவங்க கை அளக்குது, அவங்க விட்டுட்டுப் போன களைக்கு சித்தப்பா கை மருந்து கலக்குது. வெறுங்கை.

போன தடவை போனப்போ ரெண்டு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்துட்டு வந்தேன். அதைப் போட்டா ஸ்பிரேயர் மூடி வழுக்குதாம். மோட்டார் ரூம் ஆணியில தொங்குதுன்னு சித்தி போன்ல சொன்னாங்க.