1630-ல் கப்பல் ஏறிய தம்பதியும் இரண்டு குடும்பங்களின் குடல் புற்றுநோயும்

1/ வம்சாவளி தேடுறது வேலை வெட்டி இல்லாதவங்க பொழுதுபோக்குன்னு நினைக்கிறீங்களா? இங்கிலாந்திலிருந்து போன ஒரு தம்பதியின் வம்சத்தைத் தேடியதால், அமெரிக்காவில் புற்றுநோயைத் தடுக்க வழி கிடைச்ச கதை இது. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பெரிய குடும்பம். தலைமுறை தலைமுறையாகப் பெருங்குடல் புற்றுநோய். நாட்டின் மறுகோடியில், நியூயார்க்கில் இன்னொரு குடும்பம். அங்கேயும் அதே கதை. மருத்துவ ஆய்வுகளில் இரண்டும் தனித்தனிக் குடும்பங்களாகத்தான் பதிவாகியிருந்தன.

3/ ஐந்தாவது குரோமோசோமில் ஏ.பி.சி என்றொரு மரபணு இருக்கு. குடல் செல்கள் கண்டபடி பெருகாமல் பிரேக் போடுவது இதன் வேலை. இதில் பழுது இருந்தால் குடலுக்குள் பாலிப் எனும் சின்னச் சின்ன சதை வளர்ச்சிகள் வரும். சிலருக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில். இந்தக் குடும்பங்களில் இருந்தது மிதமான வகை. பெரும்பாலும் நூறுக்குள்தான்.

4/ மிதம்னு பேர்தான். கண்காணிக்காமல் விட்டால் 80 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கும் மேல் புற்றுநோய் வரும். மற்ற அமெரிக்கர்களில் அது சுமார் 24 பேரில் ஒருவருக்கு.

5/ சரி, இரண்டு குடும்பத்துக்கும் என்ன தொடர்பு? மரபணுவில் ஒரே இடத்தில், அதே இரண்டு எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதைச் சுற்றியுள்ள டி.என்.ஏ பகுதியும் ஒத்துப்போனது. இரண்டு ஜெராக்ஸ் காப்பியில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி கறை இருந்தா என்ன சொல்வோம்? ஒரே ஒரிஜினலில் இருந்து வந்ததுன்னு தானே?

6/ அந்த ஒரிஜினல் யாருன்னு ரத்தப் பரிசோதனை சொல்லாது. அதுக்குக் காகிதம் வேணும். யூட்டாவில் அது இருந்தது. அங்கே வாழும் மார்மன் கிறித்தவர்கள் வம்சாவளி எழுதுவதை மதக் கடமையாகவே செய்பவர்கள். அந்தப் பதிவுகளைப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்து யூட்டா பல்கலைக்கழகம் ஒரு பெரிய தரவுத்தளம் வைத்திருக்கிறது.

7/ இரண்டு குடும்ப மரங்களையும் மேலே மேலே ஏறிப் பார்த்தாங்க. 1630 வாக்கில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா வந்த ஒரு தம்பதியிடம் இரண்டு கிளையும் சேர்ந்தன. 2008-ல் ஆய்வு வெளியானது. 1620 முதல் 1640 வரை சுமார் 20,000 ஆங்கிலேயர்கள் கப்பலேறி நியூ இங்கிலாந்து பகுதிக்குப் போன காலம் அது.

8/ பத்துத் தலைமுறைக்கு முந்தைய ஒரு மூதாதையின் டி.என்.ஏ நமக்குள் சராசரியாக 1024-ல் ஒரு பங்குதான். ஆனால் இந்தப் பழுது அப்படி நீர்த்துப் போகாது. இருந்தால் முழுசா இருக்கும், இல்லைன்னா இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நோய் வரும் சராசரி வயது 58. அதுக்குள்ள பிள்ளைங்க பிறந்து, பேரன் பேத்தியும் வந்துடுவாங்க. சுமார் 400 வருடம் இது அழியாமல் வந்தது இப்படித்தான்.

9/ தெரிஞ்சு என்ன லாபம்? பழுது இருப்பவர்களுக்கு இளம் வயதிலிருந்தே ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி. பாலிப்பை அப்பவே எடுத்துடலாம். நிறைய இருந்தால் அறுவை சிகிச்சை. பழுது இல்லாதவர்களுக்கு இந்தத் தொல்லை வேண்டாம். அவங்க பிள்ளைகளுக்கும் அது போகாது.

10/ ஒரு எச்சரிக்கை. ஒரே குடும்பப் பெயர் இருப்பதால் மட்டும் சொந்தமாகிவிட முடியாது. இங்கிலாந்தில் தேவாலயங்கள் 1538 முதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்கின்றன. அதில், உயிலில், கப்பல் பட்டியலில் ஒவ்வொரு கண்ணியும் ஒத்துப்போகணும். அந்தத் தம்பதியின் வாரிசு என்று உறுதியானாலும் பழுது இருக்கணும்னு அவசியமில்லை. அதைப் பரிசோதனைதான் சொல்லும்.

11/ உங்களுக்கு 1630 வரை போக வேண்டாம். மூன்று தலைமுறை போதும். யாருக்கு என்ன நோய், எந்த வயதில். "வயித்து வலியில போயிட்டாரு"ன்னு சொன்னா விடாதீங்க, என்ன வலின்னு கேளுங்க. 50 வயதுக்கு முன்பே குடல் புற்றுநோய் வந்தவர் வீட்டில் இருந்தால் உங்க டாக்டரிடம் சொல்லுங்க. விவரம் தெரிந்த பெரியவங்க இருக்கும்போதே எழுதி வச்சுக்கோங்க.