பந்து வாங்கவே பணமில்லை

சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டுச் சாமான் வாங்க ஆண்டுக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். ஆயிரம் பிள்ளைகள் படித்தாலும் உச்சவரம்பு அதேதான். பெரிய தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் கட்டணமாக வாங்கி, செயற்கைத் தரை, தனிப் பயிற்சியாளர் என்று போய்விடுகின்றன.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் வாலிபால் வலை அறுந்த இடமெல்லாம் நைலான் கயிற்று முடிச்சு. தையல் விட்ட பந்தில்தான் பெண்பிள்ளைகள் சர்வீஸ் போட்டுப் பழகுகிறார்கள். வெளியூர்ப் போட்டி என்றால் பஸ் காசும் சாப்பாடும் பி.இ.டி. சார் கையிலிருந்துதான் (மனுஷர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை). முதலமைச்சர் கோப்பையில் ஜெயித்தால் பரிசுப்பணம் உண்டு, நல்ல விஷயம். ஆனால் அதுவரை போய்ச்சேர முதலில் பந்து வேண்டுமே!

முன்னாள் மாணவர்களே, உங்கள் பள்ளி பி.இ.டி. சாருக்கு இன்றே ஒரு போன் போடுங்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள்.