எழுபத்திரண்டு மணி நேரம்

கருவுற்ற மரியா யூதேய மலைநாட்டுக்கு விரைந்து சென்று, எலிசபெத்தம்மாளின் இல்லத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கியிருந்ததாக லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். பழனி மலைத்தொடரில் வாழும் நமக்கு இப்பகுதி சற்று வேறுவிதமாக ஒலிப்பதுண்டு. இங்கே கருவுற்ற பெண் விரைவது மலையேறுவதற்கன்று, மலையிறங்குவதற்கு. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ சிக்கலான பிரசவம் என்றால் முதலில் கொடைக்கானல் வந்து, பிறகு வத்தலக்குண்டு மலைச்சாலையின் வளைவுகளையெல்லாம் கடந்து கீழே போகவேண்டும். மதுரைக்குக் கொடைக்கானலிலிருந்தே ஏறத்தாழ 120 கிலோமீட்டர். நெடுங்காலம் சாலையே காணாதிருந்த வெள்ளகவி போன்ற ஊர்களில், நோவு கண்ட பெண்ணை டோலி கட்டித்தான் தூக்கிவந்தார்கள்.

நம் உறவில் மூத்த அம்மையார் ஒருவர் இருந்தார். தலைப்பிள்ளை நலமாகப் பிறந்து வளர்ந்தான். அடுத்தது பிறந்த மூன்றாம் நாளில் மேனியெல்லாம் மஞ்சள் பூத்து இறந்தது. அதன் பின் இரண்டும் வயிற்றிலேயே மடிந்தன. ஆண்டுதோறும் ஆகஸ்டில் கொடைக்கானல் சலேத்து அன்னையின் திருவிழாவுக்கு வெறுங்காலோடு நடந்து போய் மன்றாடினார். அழுதபடி காட்சி தந்த அன்னையாதலால் தம் அழுகை அவளுக்குப் புரியும் என்பார். ஊரார் வாய்க்கோ வேறு வேலையில்லை. வயிற்றில் சாபம் என்றார்கள். விடியற்காலையில் அவர் எதிரே வந்தால் நின்று போனார்கள். அறுபது வயதுக்கு மேல் வேறொரு அறுவைச் சிகிச்சைக்காக இரத்தம் பரிசோதித்தபோதுதான் அவருடையது ஆர்.எச். நெகட்டிவ் என்று தெரிந்தது. மருத்துவர் பழைய கதையை நிதானமாகக் கேட்டுவிட்டு, “சாபமுமில்லை, ஒன்றுமில்லை அம்மா, இரத்த வகைதான்” என்றாராம்.

1940-ஆம் ஆண்டில் லாண்ட்ஸ்டைனர், வீனர் என்னும் இரு அறிஞர்கள் ரீசஸ் குரங்கின் இரத்தத்தைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வந்த பெயர் இது. (கோக்கர்ஸ் நடைபாதையில் நம் கைப்பொட்டலத்தைப் பறிக்கிற குரங்குகள் வேறினம், ரீசஸ் வடநாட்டுக் குரங்கு.) அந்த ஆர்.எச். பொருள் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் உண்டு. இல்லாதவர் இந்தியரில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர், ஐரோப்பியரில் பதினைவர். இல்லாதிருப்பது நோயன்று, குறையுமன்று. ஆனால் இல்லாத தாய், இருக்கும் தந்தையின் வகையைப் பெற்ற பிள்ளையைச் சுமக்கும்போது சிக்கல் முளைக்கிறது. நஞ்சு பிரியும் வேளையில் பிள்ளையின் இரத்தம் சில துளிகள் தாயின் இரத்தத்தில் கலக்கின்றன. தாயின் உடல் அதை அயலான் என்று கண்டு எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. அதற்குள் முதற்பிள்ளை பிறந்துவிட்டதால் அதற்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அடுத்து வரும் பிள்ளையும் அதே வகையாயின், அந்த எதிர்ப்பொருள் கருவினுள் புகுந்து அதன் சிவப்பணுக்களை அழிக்கத் தொடங்குகிறது. சோகை, மஞ்சள் காமாலை, உடல் வீக்கம், இறப்பு. தலைப்பிள்ளை தங்கிப் பின்வந்தவை தங்காததற்குக் காரணம் இதுவே.

இதற்கு மருந்து கண்டவர்களுள் ஒருவரை வண்ணத்துப்பூச்சிக்காரர் என்றே அழைக்கலாம். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகர மருத்துவர் சிரில் கிளார்க், ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சிகளை வளர்த்து இனங்கலந்து, அவற்றின் இறகுக்கோலம் தலைமுறைதோறும் எவ்வாறு இறங்குகிறது என்று ஆராய்ந்தவர். செண்பகனூரில் இயேசு சபையார் அமைத்த அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பித்து விளங்கும். நாரத்தை, எலுமிச்சை இலைகளில் முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சி நம் நாட்டிலும் உண்டு. அதன் பெண்களில் சில, பறவைகள் தின்னாத வேறொரு சிவப்புப்புள்ளி இனத்தைப் போல வேடமிடும். அத்தகைய இனங்களின் மரபியலிலிருந்துதான் கிளார்க் ஆர்.எச். இரத்தத்தின் மரபியலுக்கு வந்து சேர்ந்தார். அவரும் ரொனால்டு ஃபின் முதலியோரும் ஒருபுறம், நியூயார்க்கில் ஃப்ரெடா, கோர்மன், பொல்லாக் மூவரும் மறுபுறம் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே வழியைக் கண்டார்கள். எதிர்ப்பொருளையே ஊசியாகத் தாய்க்குப் போட்டுவிட்டால், புகுந்த பிள்ளையின் அணுக்கள் அகன்றுவிடும்; தாயின் உடல் தானாக எதிர்ப்பொருளை உண்டாக்காது. 1968-இல் அந்த ஆன்டி-டி ஊசி மருந்தாக வெளிவந்தது.

அந்த எதிர்ப்பொருள் மனிதரிடமிருந்தே எடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் பதினான்காம் வயதில் மார்பு அறுவையின்போது பிறர் இரத்தத்தால் பிழைத்தவர். அந்த நன்றிக்காகக் கொடுக்கத் தொடங்கி, 2018-இல் வயது வரம்பு தடுக்கும்வரை 1173 முறை கொடுத்தார். அவருடைய இரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது. 2025 பிப்ரவரியில் தூக்கத்திலேயே காலமானார். ஊசிமுனையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம், ஒருமுறைகூடப் பார்த்ததில்லையாம்!

பிள்ளை ஆர்.எச். பாசிட்டிவ் என்றால் பிறந்த எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தாய்க்கு அந்த ஊசி போடவேண்டும். ஏழாம் மாதத்தில், 28-ஆம் வாரத்தையொட்டியும் ஒன்று போடுவது நல்லது. கரு கலைந்தாலும், வயிற்றில் அடிபட்டு இரத்தம் போனாலும் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். “பிள்ளைதான் இல்லையே, ஊசி எதற்கு” என்று வீட்டிலிருந்துவிடுவதே ஆபத்து. எதிர்ப்பொருள் உண்டான பின் இந்த ஊசியால் பயனில்லை. மருந்தைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்கவேண்டும். கொடைக்கானல் குளிரை நம்பி வெளியே வைக்க இயலாது! நகரத்தில் மூன்று நாள் நீண்ட அவகாசம். மலையில் ஒரு மழைக்காலத்து மண்சரிவு அதில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளும். ஆதலால் இங்கே கணக்குப் பிரசவத்தன்று தொடங்கலாகாது. கருவுற்ற முதல் மாதத்து இரத்தப் பரிசோதனையிலேயே தொடங்கவேண்டும்.

பெண் பார்க்கும் இடத்தில் இரத்த வகை கேட்டு, நெகட்டிவ் என்றதும் எழுந்துபோன குடும்பத்தை நாம் அறிவோம். மாப்பிள்ளையின் வகையை அங்கே யாரும் கேட்கவில்லை. தந்தையும் நெகட்டிவாயின் இந்தச் சிக்கலே எழாது. இருவர் இரத்தத்தால் ஆவதை ஒருத்தி தலையில் வைத்துப் பேசுவது நம் பழைய வழக்கம். திருமுழுக்குப் பெறாது இறந்த சிசுக்களைக் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் பெயரில்லாமல் புதைத்த காலமும் இருந்தது. அத்தகைய குழந்தைகளின் மீட்பைக் குறித்து நம்பிக்கை கொள்ள இடமுண்டென்று உரோமையின் அனைத்துலக இறையியல் குழு 2007-இல் எழுதியது. அந்த அம்மையார் அதை அறியுமுன் இறந்துபோனார். தம் மூன்றுக்கும் தாமே பெயரிட்டு மனத்தில் வைத்திருந்தார்.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இருவருடைய இரத்த வகையையும் கேட்டு எழுதிக்கொண்டால் பாதி வேலை முடியும். மீதிப் பாதிக்கு ஒரு தடை நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். அடுத்தது பெரும்பாலும் புகுந்த ஊரில். முதற்பிரசவத்தில் ஊசி போட்டார்களா, பிள்ளையின் வகை என்ன என்பதெல்லாம் எழுதிய சீட்டுத் தாய்வீட்டுப் பெட்டியில் பட்டுப்புடவைக்கடியில் கிடக்கும். இரண்டாவது கருவோடு வருபவளிடம் புதிய மருத்துவர் கேட்டால், “ஏதோ ஊசி போட்டார்கள்” என்பாள். வீடு சந்திக்கும் மரியாயின் சேனைச் சகோதரிகள், பிள்ளையைப் பார்த்து நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுக் கிளம்புமுன், அந்தச் சீட்டு எங்கே என்று கேட்டு, அதை அவள் கணவன்வீட்டுக்குக் கொண்டுபோகும் பையில் வைக்கச் சொல்லலாம்.