அப்பாவின் டட்சனுக்குள் ஓர் இரும்புக் கூண்டு

எங்கள் வீட்டில் ஆறு மாதமாக ஓடும் வாக்குவாதத்துக்குக் காரணம் சொத்தும் இல்லை, கல்யாணமும் இல்லை. அப்பா விட்டுச்சென்ற 1976ஆம் ஆண்டு டட்சன் 120ஒய் காடிக்குள் ‘ரோல் கேஜ்’ போட வேண்டும் என்கிறான் தம்பி. வேண்டாம் என்கிறேன் நான். “காடிய விட்டுட்டு மொதல்ல சாப்பிடுங்க ரெண்டு பேரும்” என்பது அம்மாவின் தீர்ப்பு.

பந்தயக் காடிகளின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக எஃகுக் குழாய்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூண்டுதான் ரோல் கேஜ். காடி உருண்டாலும் கூரை நசுங்கி ஓட்டுநர் மேல் இறங்காமல் அது தாங்கிக்கொள்ளும். 2002இல் நம் நாட்டுக் கரம்ஜித் சிங், புரோட்டோன் பெர்ட் காடியில் உற்பத்திக் காடிகளுக்கான உலக ரேலி வெற்றியாளர் பட்டத்தை வென்றார். அவருடைய படத்தைப் பள்ளிப் புத்தக அட்டைக்குள் வைத்திருந்தவன் என் தம்பி. அவனுக்குக் கூண்டு என்பது வெறும் குழாய் இல்லை.

அவன் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. 120ஒய் ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 1,171 சி.சி. இயந்திரம், கூரையைத் தாங்கும் தூண்கள் விரல்கடை அகலம்தான். காற்றுப்பை கிடையாது. “கூட்டரசு நெடுஞ்சாலையில பக்கத்துல டிரெய்லர் வரும்போது நம்ம காடி தகர டப்பா மாதிரி இருக்குக்கா” என்கிறான். தினமும் காலையில் வானொலியில் போக்குவரத்து நிலவரம் வாசிக்கிறவள் நான். எந்தக் கிலோமீட்டரில் என்ன கவிழ்ந்தது என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பயம் எனக்கும் பழகிவிட்டது.

ஆனால் கூண்டு தனியாக வேலை செய்வதில்லை. பந்தய ஓட்டுநர் தலைக்கவசம் அணிந்திருக்கிறார். உடம்பைப் பிடித்துக்கொள்ளும் குழிவான இருக்கையில், தோளிலும் இடுப்பிலும் கவட்டிலும் வார் கட்டி, அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் சேர்ந்தால்தான் கூண்டு உயிர் காக்கும். நாம் சாலையில் வெறுந்தலையோடு, சாதாரண இருக்கை வாரோடு போகிறோம். மோதும் நொடியில் வார் கொஞ்சம் நீளும், உடம்பு முன்னாலும் பக்கவாட்டிலும் வீசப்படும். தலை போய் இடிக்கும் இடத்தில் இருப்பது எஃகுக் குழாய். கூரை நசுங்கினால்தான் ஆபத்து என்றில்லை. சாதாரணமாகப் பிழைத்து வரக்கூடிய விபத்தில்கூட மண்டை உடையலாம்.

குழாயில் பஞ்சு சுற்றிவிடலாமே என்று நானும் கேட்டேன். பந்தயத்துக்கென்று விற்கும் பஞ்சு கட்டையைப் போல் கெட்டியாக இருக்கும்; அது தலைக்கவசம் வந்து மோதுவதற்காகச் செய்தது. குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றும் மெத்தென்ற கறுப்பு நுரையோ வெறும் அலங்காரம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் ஈப்போவில் இருக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் அங்கிள் ஒருவர். பல ஆண்டுகள் ரேலி காடிகளில் வேலை செய்தவர். தம்பிதான் அழைத்துப்போனான், அவர் தன் பக்கம் பேசுவார் என்று. அங்கிள் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை எடுத்து, முன் இருக்கைகளுக்குப் பின்னால், கூண்டின் பிரதான வளைவு வரவேண்டிய இடத்தில் பிடித்தார். என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். என் பின்மண்டைக்கும் குழாய்க்கும் ஒரு சாண்கூட இல்லை. பிறகு அம்மாவைப் பின் இருக்கையில் உட்காரச் சொன்னார். குழாய் அம்மாவின் நெற்றிக்கு நேராக வந்தது. “பிரேக் புடிச்சா பாட்டி இதுலதான் விழும்” என்றார். தம்பி ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பின் இருக்கைதான் என் பிரச்சினையே. பத்துமலைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அம்மா அங்கேதான், பக்கத்தில் என் நான்கு வயது மகள். முழுக் கூண்டு போட்டால் பின்சக்கர வளைவுக்கு இறங்கும் தாங்கு குழாய்கள் அவர்கள் உட்காரும் இடத்தின் வழியாகத்தான் போகும். சரி, முன்னால் உட்காரட்டும் என்றால், கதவுக்குக் குறுக்கே முட்டி உயரத்தில் இன்னொரு குழாய். மூட்டுவலிக்காரி அதைத் தாண்டி ஏற வேண்டும்.

அங்கிள் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கண்ணாடி ரப்பர் வழியாக மழைநீர் இறங்கி, தரைத் தகடு அங்கங்கே அப்பளமாகியிருந்தது. அனைத்துலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்ஐஏ-வின் விதிப்படி, பிரதான வளைவு இணைப்பு இல்லாத எஃகுக் குழாயாக, 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50 விட்டமும் 2 கனமும் இருக்க வேண்டும். கூண்டின் கால் நிற்கும் இடத்தில் 3 மில்லிமீட்டர் கனமுள்ள, 120 சதுர சென்டிமீட்டர் தகடு வைக்க வேண்டும். துருத் தகட்டில் எவ்வளவு நல்ல கூண்டை ஒட்டினாலும், காடி உருளும்போது கால் தரையைக் கிழித்துக்கொண்டு வெளியே போய்விடும். இந்தக் கணக்கெல்லாம் இல்லாமல், “ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்” என்று தம்பிக்கு மலிவு விலை சொன்ன பட்டறையும் உண்டு.

காடியின் கட்டமைப்பை மாற்றுவதென்றால் ஜேபிஜே-யின் அனுமதி வேண்டும். வாகனச் சோதனை வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்கிற நாளில் சிக்கலாக வந்து நிற்கலாம்.

கூண்டுக்கென்று தம்பி சேர்த்த பணம் இப்போது தரைக்குப் போகிறது. துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டுகிறார்கள். அடுத்து வார்கள். நம் நாட்டில் முன் இருக்கை வார் 1979இல் கட்டாயமானது. பின் இருக்கைக்கு 2009. குழந்தை இருக்கைக்கு 2020. எங்கள் காடியின் பின்னிருக்கையிலோ வாரே கிடையாது. அப்பா காலத்தில் நாங்கள் மூவரும் அதில் எழுந்து நின்றுகொண்டே போவோம். வார் மாட்டும் இடங்களில் உள்ளே வலுத்தகடு வைத்து மும்முனை வார் பொருத்தினால்தான் மகளின் இருக்கையை அதில் கட்ட முடியும். படத்தில் பார்க்கக் கவர்ச்சியாக ஒன்றும் இருக்காது.

தம்பி முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை. இன்னொரு 120ஒய்யின் வெறும் கூடு எங்காவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறான். பின் இருக்கை இல்லாத, சாலை வரி இல்லாத, சிப்பாங் பந்தயத்தடத்துக்கு லாரியில் ஏற்றிப்போகும் காடி. அதில் முழுக் கூண்டு, தலைக்கவசம், எல்லாம். கிடைத்தால் பாதிப் பணம் நான் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.