ஆள் இல்லாத ஊர்

விளையாட்டு ஒன்று அலுத்துப் போனதற்காக ஒருவன் வருத்தப்பட்டால் அதைக் கேட்டுச் சிரிப்பதுதான் உலக வழக்கம். சீட்டுக்கட்டு அழுக்கானால் வேறு கட்டு வாங்குகிறோம். கேரம் பலகை வளைந்து போனால் பரணில் ஏற்றிவிடுகிறோம். அதற்காக யாரும் கட்டுரை எழுதுவதில்லை. நானோ நாற்பத்தைந்து வயதைத் தொட்டவன். நாலு நாவல் எழுதியவன் என்ற பெயரும் இருக்கிறது. இந்த வயதில் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றிப் புலம்புவது அழகா என்று என் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். அழகில்லைதான். ஆனாலும் மனசில் கிடந்து உறுத்துகிற விஷயத்தை எழுதாமல் வேறு எதை எழுதுவது?

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். காசு வைத்து ஆடுகிற ரம்மியைப் பற்றி நான் பேசவில்லை. அந்த மாதிரி ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் கொண்டுவந்தாகிவிட்டது. அதனால் நொடித்த குடும்பங்களின் கதை வேறு. நான் சொல்வது ஊர் கட்டும் விளையாட்டு. அதன் பெயரைச் சொல்லாமலே விடுகிறேன். நடத்துகிற கம்பெனியின் மேல் வழக்குத் தொடுப்பது என் நோக்கம் இல்லை.

விளையாட்டு இதுதான். ஆரம்பத்தில் உங்களுக்கு ஒரு சின்னஞ்சிறு கிராமம் கொடுப்பார்கள். மரம், மண், இரும்பு, தானியம் நான்கும் மணிக்கு இவ்வளவு என்று மெதுவாகச் சேரும். அதைக் கொண்டு களஞ்சியம் கட்டலாம், மதில் எழுப்பலாம், படை திரட்டலாம். அதே வரைபடத்தில் உங்களைப் போல் ஆயிரக்கணக்கான பேர் உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஊர் கட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் தூங்கலாம், விளையாட்டு தூங்காது. நடுநிசியில் எவனோ ஒருவன் படையெடுத்து வந்து களஞ்சியத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். ஆகவே தனி மனிதன் அதில் பிழைக்க முடியாது. நாலு பேரோடு சேர்ந்தே ஆக வேண்டும்.

2007-ல் நான் கிள்ளையில் ஓர் இறால் பண்ணையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்தியவனுக்கு அது பெரிய உத்தியோகம். வாரத்தில் இரண்டு நாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, ஒரு பிரௌசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து உட்காருவேன். அங்கேதான் எனக்கு அந்த விளையாட்டும் ஒரு ஸ்நேகிதனும் ஒன்றாகக் கிடைத்தார்கள். பிச்சாவரத்தில் துடுப்புப் படகு வலிக்கிறவன் அவன். தம்மாமில் இருந்த அண்ணனோடு பேசுவதற்காக அங்கே வருவான். அடுத்த நாற்காலியிலிருந்து என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, ஊரு கட்டுறீங்களா? எனக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க” என்றான். வாங்கிக் கொடுத்தேன். காசா, பணமா?

அவன் தன் ஊருக்குத் தில்லை என்று பெயர் வைத்தான். சிதம்பரத்துக்கே அதுதானே பழைய பெயர். தில்லை மரம் நிறைந்த காடு என்பதால் வந்த பெயர். இன்று அந்த மரத்தை நகரத்துக்குள் தேடினால் கிடைக்காது. கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் தள்ளிப் பிச்சாவரத்து உப்பங்கழிக்குத்தான் வர வேண்டும். படகில் வருகிறவர்களுக்கு அதைக் காட்டி, “பாலு கண்ணுல பட்டா பார்வைக்கு ஆபத்து, தொடாதீங்க” என்று எச்சரிப்பது அவன் தினசரிப் பல்லவி.

எங்கள் கூட்டணியில் அறுபது பேர் இருந்தோம். யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் டொரன்டோவிலிருந்து ஆடினார். ரியாத்தில் நர்ஸாக இருந்த நாகர்கோவில் அம்மாள் ஒருவர் இரவு வேலை முடிந்து வந்து எங்கள் ஊர்களுக்கெல்லாம் காவல் பார்ப்பார். முகம் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. ஆனால் என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது, “நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊரை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று எழுதினார். ஒருவர் ஊரை இன்னொருவர் பார்த்துக்கொள்வதற்கு அந்த விளையாட்டின் விதியிலேயே இடம் இருந்தது. அப்படி ஒரு விதியை யோசித்தவன் நல்ல மனுஷனாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

படையெடுப்பில் கெட்டிக்காரன் என்றால் படகுக்காரன்தான். நாலு ஊர்களிலிருந்து புறப்படும் படைகள் ஒரே விநாடியில் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தூரம் வேறு, வேகம் வேறு. நாங்கள் காகிதமும் பேனாவுமாகத் திண்டாடுவோம். அவன் மனக்கணக்காகச் சொல்லிவிடுவான். எப்படி என்று கேட்டேன். “தண்ணி ஏறுறதும் வத்துறதும் தினம் ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளிப் போகுது. அதைக் கணக்குப் பண்ணித்தானே அண்ணே பொழைக்கிறோம்” என்றான். கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கிய எனக்கு அதற்குப் பதில் இல்லை.

பிறகு விளையாட்டு மாறத் தொடங்கியது. ஒரே நாளில் மாறவில்லை. முதலில் தங்கக் காசு என்று ஒன்று வந்தது. நிஜப் பணம் கொடுத்து அதை வாங்கினால் மூன்று நாளில் எழும் மதில் மூன்று விநாடியில் எழும். அப்புறம் வாரத்துக்கொரு திருவிழா, திரையைத் திறந்ததும் முகத்தில் அறைகிற அறிவிப்புகள். காசு இல்லாதவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். காசு உள்ளவர்களுக்கு ஜெயிக்க ஆள் இல்லாமல் போகவே அவர்களும் கழன்றார்கள். ஊர்கள் காலியானதும் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? காலி மனைகளில் இயந்திரத்தைக் குடிவைத்தது. ஒரு தடவை மூன்று நாள் திட்டமிட்டு ஓர் ஊரைப் பிடித்தோம். ஜெயித்த பிறகு, வழக்கப்படி, “நன்றாகப் போராடினீர்கள்” என்று செய்தி அனுப்பினேன். பதில் வரவில்லை. அங்கே தோற்பதற்கு யாருமே இருக்கவில்லை.

உங்களுக்கு வயதாகிவிட்டது, அதனால்தான் ருசிக்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கிள்ளையில் சின்ன வயசில் ஆடிய சடுகுடுவை இன்று வேடிக்கை பார்த்தாலும் எனக்கு ருசிக்கிறது. 2014-லிருந்து தொலைக்காட்சியில் விளக்குப் போட்டு, விளம்பரம் போட்டு கபடி லீக் நடத்துகிறார்கள். அதனால் எங்கள் தெருவில் ஆடுகிற சடுகுடு நின்றுவிடவில்லை. கோட்டைக் காலால் கிழித்துவிட்டு ஆரம்பிக்கலாம். எந்த விதி வேண்டும், எது வேண்டாம் என்று ஆடுகிறவர்களே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். சதுரங்கத்துக்கும் சொந்தக்காரன் கிடையாது. நான் சொல்லுகிற விளையாட்டில் மட்டும் களம் வேறொருவனுடையது. நாம் பதினேழு வருஷம் குடியிருந்தாலும் வாடகைக் குடிதான்.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ‘ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ்’ என்ற ஆட்டம் 2003-ல் தொடங்கியது. 2005 நவம்பரில் அதன் அடிப்படையையே தலைகீழாக மாற்றினார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். 2011 டிசம்பரில் மூடிவிட்டார்கள். 2009-ல் வந்த ‘ஃபார்ம்வில்’லை நம் வீட்டுப் பெண்மணிகள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் கத்தரியும் தக்காளியும் பயிரிட்ட அந்தத் தோட்டம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு தரிசாகிவிட்டது. நம் பையன்கள் உயிராக ஆடிய ‘பப்ஜி’யை 2020 செப்டம்பரில் அரசாங்கம் தடை செய்தது. 2021 ஜூலையில் இந்தியப் பதிப்பு வந்தது. 2022 ஜூலையில் அதுவும் மறைந்தது; 2023 மே மாதம் திரும்பி வந்தது. அதன் சரி தவறு இங்கே என் விஷயம் அல்ல. ஒரு பிள்ளை தன் தோழர்களைச் சந்திக்கும் இடம், காலையில் எழுந்து பார்த்தால் இல்லாமல் போகக்கூடும் என்பதுதான் விஷயம்.

இதற்கு மாற்றே கிடையாதா என்றால், உண்டு. ‘ரூன்ஸ்கேப்’ என்ற ஆட்டத்தில் 2012 நவம்பரில் சண்டை முறையை மாற்றினார்கள். பழைய ஆட்கள் கொதித்துப் போனார்கள். கம்பெனி ஒரு நல்ல காரியம் செய்தது. 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதி ஒன்று இருந்தது. அது வேண்டுமா என்று ஜனங்களிடமே வாக்குக் கேட்டது. நாலு லட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். 2013 பிப்ரவரியில் பழைய ஆட்டம் மறுபடி திறந்தது. புதிய அம்சங்களைப் பெரும்பாலும் ஆடுகிறவர்களின் வாக்குக்கு விட்டே சேர்த்து வருகிறார்கள். மெருகேற்றிய புதிய ஆட்டத்தைவிடப் பழையதற்குத்தான் இன்று கூட்டம் அதிகம்.

இதைப் படித்தபோது படகுக்காரன் எனக்குக் காட்டிய ஓர் இடம் நினைவுக்கு வந்தது. பிச்சாவரத்துக் காட்டைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் சுரபுன்னை வேர்களைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்; அந்தக் காடு ஒரு காலத்தில் பாதிக்கு மேல் நோய்ப்பட்டுக் கிடந்தது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970-கள் வரை அதைப் பாத்தி பாத்தியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய நிலம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து தொட்டி மாதிரி ஆகிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த நீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கியது. வெயிலில் வற்றி உப்பு மிஞ்சியது. அந்த உப்பில் எதை நட்டாலும் பட்டுப் போயிற்று. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் ஜனங்களுமாகச் சேர்ந்து, மீன் முள் மாதிரி நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டினார்கள். கடல் நீர் வந்து போக வழி கிடைத்தது. கன்று பிழைத்தது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டின் பின்னால் இருந்த கிராமங்கள் தப்பின.

எங்கள் விளையாட்டிலும் தண்ணீர் தேங்கித்தான் போயிருந்தது. புது ஆள் வர வழியில்லை. வந்தவனுக்கு நிற்க இடமில்லை. நடத்துகிறவர்கள் வாய்க்கால் வெட்டவில்லை. உப்புத் தரையில் காகிதப் பூவை நட்டுக்கொண்டிருந்தார்கள்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், படகுக்காரன் இறந்து போனான். முப்பத்தெட்டு வயது. சிதம்பரத்துக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சமயத்தில் போய் முகம் பார்க்கக்கூட முடியவில்லை. ரியாத் அம்மாள்தான் முதலில் எழுதினார்: “தில்லையை விட்டுவிடக் கூடாது.” விடவில்லை. முறை போட்டுக்கொண்டு அவன் ஊரைப் பார்த்தோம். தானியம் அனுப்பினோம், மதிலை உயர்த்தினோம். இரண்டு வருஷம் ஒரு எதிரியும் தில்லைக்குள் கால் வைக்கவில்லை.

2023-ல் கம்பெனி இரண்டு காலி உலகங்களை ஒன்றாக இணைத்தது. சொந்தக்காரரே நேரில் வந்து நுழையாத கணக்குகளையெல்லாம் துடைத்துவிட்டது. தில்லை நின்ற இடத்தில் இயந்திரம் குடியேறியது. ஊருக்குப் பெயர் இல்லை. ஓர் எண் இருந்தது. விவரத்தைச் சொல்லி எழுதினோம். எங்கள் கருத்துக்கு நன்றி தெரிவித்து, ஐம்பது தங்கக் காசு இலவசமாக அனுப்பி வைத்தார்கள். சிதம்பரத்தில் மரம் போயும் பெயர் நின்றது. இங்கே இடம் நின்றது, பெயர் போய்விட்டது.

ஐரோப்பாவில் இதற்காகவே ஒரு இயக்கம் நடந்திருக்கிறது. 2014-ல் வந்த ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய ஆட்டத்தை 2024 மார்ச்சில் அடியோடு நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதைத் திறக்க முடியவில்லை. ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய இயக்கத்தின் கோரிக்கையில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கேட்பது பெரிய வரம் அல்ல. கடையை மூடிக்கொள்ளுங்கள்; ஆடியவர்கள் தாங்களாகவே தொடர்ந்து ஆட ஒரு வழியை வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவன்கூடச் சாமானை எடுத்துக்கொள்ள ஒரு வாரம் தருகிறானே!

படகுக்காரனின் மகனுக்கு இப்போது இருபது வயது. அப்பன் வலித்த கழியிலேயே படகு வலிக்கிறான். போன மாதம் படகுத் துறையில் பார்த்தபோது, “அப்பா ஆடின ஆட்டத்தைக் காட்டுங்க பெரியப்பா” என்றான். காட்டினேன். வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டு, எண்ணைப் படித்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

“இந்த ஊரைப் பிடிச்சா பேரு மாத்தலாமா?”

“மாற்றலாம். நாலு படை ஒரே விநாடியில் போய்ச் சேரணும். நாங்க இப்ப அஞ்சு பேர்தான் இருக்கோம். அதில் ரெண்டு பேருக்குக் கண்ணு சரியில்லை.”

“நான் ஆறு” என்றான்.

அடுத்த வருஷம் கம்பெனி இந்த உலகத்தையும் துடைத்துவிடலாம். அது தெரிந்துதான் இருக்கிறோம். டொரன்டோக்காரர் படை திரட்டுகிறார். ரியாத் அம்மாள் ஓய்வு பெற்று நாகர்கோவிலுக்கே வந்துவிட்டார். தானியம் அவர் பொறுப்பு. புறப்படும் நேரங்களைப் பையன் குறித்துக் கொடுத்திருக்கிறான். காகிதம் கேட்கவில்லை.